படியும் வெகுமதியும்

பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் சரக்கேற்றிக் கிளம்பும் லாரி ஓட்டுநருக்குப் பேட்டா. நிரந்தரத் தொழிலாளியின் சம்பளச் சீட்டில் பஞ்சப்படி. இரண்டுக்கும் அடியில் கிடப்பது நெல்தான். பேட்டாவை, நெல்லைக் குறிக்கும் கன்னடச் சொல்லோடு சேர்த்துப் பார்த்தது 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அது சம்பளத்துக்கு மேல் கிடைத்த தொகை. 1766இல் ராபர்ட் கிளைவ் வங்காளத்தில் இரட்டைப் பேட்டாவை நிறுத்தியதும் ஆங்கிலேய அதிகாரிகளே கூட்டாகப் பதவி விலகத் துணிந்தார்கள்.

படியோ முகத்தல் அளவை: எட்டு ஆழாக்கு ஒரு படி. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் அமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்று கல்லிலேயே வெட்டினார்கள். அளக்க வேண்டிய மரக்காலின் பெயரையும், ஆடவல்லான் என்று, சேர்த்தே பொறித்தார்கள். சின்ன மரக்காலைக் கொண்டுவந்து ஏய்க்க முடியாது.

அளந்த கூலியையும் வெகுமதியையும் ஒரே சொல்லில் அடக்கிய மொழியும் உண்டு: பழைய ஆங்கிலத்தில் ‘மேட்’ என்ற சொல் இரண்டையும் குறித்தது. காலப்போக்கில் ‘மேட்’ மேல் லஞ்சத்தின் வாடையும் ஏறியது. 14ஆம் நூற்றாண்டில் வில்லியம் லாங்லண்ட் ‘பியர்ஸ் ப்ளவ்மன்’ காவியத்தில் அதை அரசவையையே விலைக்கு வாங்கும் ஒரு சீமாட்டியாக்கினார். அதே காவியத்தில் மனசாட்சி என்னும் பாத்திரம் தீர்ப்புச் சொல்கிறது: உழைப்பாளி வாங்குவது வெகுமதி அல்ல, அளந்த கூலி. நம் ‘படி’ சொல்வதும் அதைத்தான்.

பிள்ளைப்பாக்கத்துக்குப் பக்கத்து ஸ்ரீபெரும்புதூர், 1017இல் ராமானுஜர் பிறந்ததாக மரபு சொல்லும் ஊர். வைணவர்கள் தம்மை ‘அடியேன்’ என்பார்கள். வேதம் ஓதியவருக்கு அளிப்பது ‘சம்பாவனை’. அந்தப் பணிவும் அந்த மரியாதையும் மனம் உவந்து வருபவை. ஆலை வாசலில் அவற்றை எதிர்பார்ப்பது தவறு.

போனஸும் அப்படித்தான், முதலாளி மனம் வைத்தால் கிடைப்பதாகத் தொடங்கியது. பம்பாய்ப் பஞ்சாலைகள் முதல் உலகப்போர்க் காலம் தொட்டுக் கொடுத்துவந்ததைப் பிறகு மறுத்தன. 1924இல் பெரிய வேலைநிறுத்தம். விசாரித்த மக்லியாட் குழு, தொழிலாளர் அதை உரிமையாகக் கேட்க முடியாது என்றது. 1965இல்தான் சட்டம் வந்தது. இப்போது குறைந்தபட்சம் 8.33 சதவீதம், ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்கு. சம்பள உச்சவரம்புக்குள் வரும் ஒப்பந்தத் தொழிலாளியும் ஆண்டில் 30 நாள் வேலை செய்திருந்தால் அதைக் கேட்டு வாங்கலாம். பிள்ளைப்பாக்கம் முதல் ஒரகடம் வரை இதை இன்னும் உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.