யார் கட்டும் காசு? அமெரிக்க ஆடவர் கால்பந்தில் இளந்திறன் வளர்ப்பும் கிளப்களின் பொருளாதாரமும்

2017 அக்டோபர் 10 அன்று டிரினிடாட் தீவின் கூவா நகரில் அமெரிக்க ஆடவர் அணிக்கு ஒரு டிரா போதுமாயிருந்தது. எதிரே நின்றது ஏற்கெனவே வாய்ப்பிழந்துவிட்ட டிரினிடாட்-டொபேகோ. ஆட்டம் 2-1 என்று தோல்வியில் முடிந்தது. 1986க்குப் பிறகு முதல் முறையாக அமெரிக்கா உலகக் கோப்பைக்குத் தகுதி பெறவில்லை. அன்று அமெரிக்காவுக்காக ஒரே கோலை அடித்தவர் 19 வயது கிறிஸ்டியன் பூலிசிக். பயிற்சியாளர் புரூஸ் அரீனாவின் ஆள்தேர்வு, உடல் சோர்வு, அலட்சியம் எனப் பல காரணங்கள் பேசப்பட்டன. ஓர் இரவின் தோல்விக்கு அவை போதும். அதே காலத்தில் 23 வயதுக்கு உட்பட்டோர் அணி 2012, 2016, 2020 என்று தொடர்ந்து மூன்று ஒலிம்பிக் போட்டிகளுக்குத் தகுதி பெறாமல் போனதற்கு அவை எந்த விளக்கமும் தரவில்லை. ஒரு தலைமுறையே மெலிந்திருந்தது என்றால் அதன் காரணத்தை அந்த வீரர்கள் 12 வயதுச் சிறுவர்களாக இருந்த காலத்தில் போய்த் தேட வேண்டும்.

அமெரிக்காவில் திறமைக்குப் பஞ்சமில்லை, ஆடும் குழந்தைகளுக்கும் பஞ்சமில்லை. ஒரு சிறுவனை வளர்த்தெடுப்பவருக்கு அதனால் வருமானம் கிடைக்காத ஏற்பாடுதான் கோளாறின் வேர் என்பதே இக்கட்டுரையின் வாதம். வளர்ப்பவருக்கு வருமானம் வளர்ப்பிலிருந்து வராதபோது பெற்றோரின் சட்டைப்பையிலிருந்துதான் வர வேண்டியிருக்கிறது. அப்படி வரும்போது, யார் ஆடுவது என்பதைத் திறமைக்கு முன்பாகப் பணம் முடிவு செய்துவிடுகிறது.

முதலில், அடிக்கடி சொல்லப்படும் மாற்று விளக்கமொன்றை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் சிறந்த உடல்திறன் கொண்ட இளைஞர்கள் கூடைப்பந்துக்கும் அமெரிக்கன் ஃபுட்பாலுக்கும் போய்விடுகிறார்கள், மிச்சம்தான் கால்பந்துக்கு என்பது அது. மெஸ்ஸியின் உயரம் ஏறத்தாழ 1.70 மீட்டர். மோட்ரிச் அவரைவிடச் சற்றே உயரம். கூடைப்பந்துத் தேர்வாளர் எவரும் இவர்களைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார். இந்த ஆட்டம் கேட்பது பத்தாண்டுக் காலப் பந்துப் பழக்கத்தையும், நெருக்கடியில் சட்டென்று முடிவெடுக்கும் கண்ணையும். மேலும், 20 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையில் அமெரிக்கா 2015, 2017, 2019, 2023 என அடுத்தடுத்து நான்கு முறை காலிறுதி வரை சென்றிருக்கிறது. திறமை வேறு விளையாட்டுகளுக்குக் கசிந்துவிட்ட நாட்டின் இளைஞர் அணி இப்படி ஆடாது. ஆனால் அந்த நான்கு முறையும் அது காலிறுதியைத் தாண்டவில்லை என்பதையும் சேர்த்தே கவனிக்க வேண்டும்.

2022 டிசம்பர் 3 அன்று கத்தார் உலகக் கோப்பையில் நெதர்லாந்திடம் 3-1 என்று தோற்ற அமெரிக்க அணியின் பதினோரு பேரைக் கூர்ந்து பார்ப்பது பயனுள்ளது. செர்ஜினோ டெஸ்ட் நெதர்லாந்தின் அல்மேரேயில் பிறந்து அயாக்ஸ் அகாடமியில் வளர்ந்தவர். ஆன்டனி ராபின்சன் மில்டன் கீன்ஸில் பிறந்து எவர்ட்டனில் பயின்றவர். யூனுஸ் மூசா நியூயார்க்கில் பிறந்தாலும் இத்தாலியிலும், பிறகு லண்டனில் ஆர்சனல் அகாடமியிலும் வளர்ந்தவர். டிமத்தி வேயா பதின்பருவத்தின் தொடக்கத்திலேயே பாரிஸ் சான்-ஜெர்மைனுக்குப் போய்விட்டார். ஆக, நால்வரை முடித்துக் கொடுத்தது ஐரோப்பா. டைலர் ஆடம்ஸ், வெஸ்டன் மெக்கென்னி, ஹெசூஸ் ஃபெரேரா ஆகிய மூவரும் மேஜர் லீக் சாக்கர் (எம்.எல்.எஸ்.) கிளப்களின் அகாடமிகளிலிருந்து வந்தவர்கள். அதிலும் இருவர் எஃப்.சி. டாலஸ் என்ற ஒரே கிளப்பின் பிள்ளைகள். கோல்காப்பாளர் மேட் டர்னர், தடுப்பாளர்கள் வாக்கர் சிம்மர்மன், டிம் ரீம் ஆகிய மூவரும் பல்கலைக்கழக அணிகளில் ஆடி மேலே வந்தவர்கள். பதினோராமவர் பூலிசிக்.

இந்தப் பட்டியலில் மூன்று காலங்கள் அடுக்கடுக்காகத் தெரிகின்றன. பல்கலைக்கழக வழியில் வந்த மூவரும்தான் அணியில் வயதில் மூத்தவர்கள். ரீமுக்கு அப்போது 35 வயது. 18 முதல் 22 வரையிலான ஆண்டுகளில் ஆண்டுக்கு ஏறக்குறைய மூன்று மாதம் மட்டுமே போட்டிக் காலம் கொண்ட கல்லூரி முறை, அதே வயதில் பத்து மாதம் ஆடும் ஐரோப்பிய இளைஞனுக்கு ஈடுகொடுக்கும் வீரனைத் தருவது அரிது. முன்களத்தில் இளைஞர்களும் பின்களத்தில் கல்லூரிக்காரர்களும் நின்றது தற்செயலென்று எனக்குத் தோன்றவில்லை. தடுப்பாளரும் கோல்காப்பாளரும் தாமதமாக முதிரலாம், முன்களத்தார் அப்படி முதிர முடியாது. ஐரோப்பா வளர்த்த நால்வரைப் பொறுத்தவரை அமெரிக்கா ஈட்டியது குடியுரிமையின் பயனைத்தான், பயிற்சியின் பயனை அல்ல. அப்படி வந்தவர்கள் குறைந்த அமெரிக்கர்கள் என்று சொல்வது அநீதி. ஆனால் அவர்களைக் காட்டி நம் வளர்ப்பு முறை தேறிவிட்டது என்று அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு சொல்லிக்கொள்ளவும் முடியாது.

பூலிசிக்கின் கதைகூட இதே கணக்கில் சேர்கிறது. பென்சில்வேனியாவின் ஹெர்ஷியில் வளர்ந்து உள்ளூர் கிளப்பான பி.ஏ. கிளாசிக்ஸில் ஆடியவர். ஃபிஃபா விதிப்படி பொதுவாக 18 வயது நிரம்பாதவரை வேறு நாட்டுக் கிளப் சேர்க்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் மட்டும் 16 வயது முதல் விலக்கு உண்டு. தாத்தா வழியில் குரோஷியக் குடியுரிமை வாய்த்ததால் 16 வயதில் அவரால் ஜெர்மனியின் டார்ட்மண்ட் கிளப்பில் சேர முடிந்தது. அந்தத் தாத்தா இல்லாத, அதே அளவு திறமையுள்ள இன்னொரு சிறுவன் அந்த இரண்டு ஆண்டுகளை எங்கே கழித்திருப்பான்?

இதைச் சரிசெய்யும் முயற்சிகள் நடக்காமலில்லை. 1998இல் கார்லோஸ் கெய்ரோஸ் தந்த அறிக்கை 2010க்குள் உலகக் கோப்பையை வெல்வதை இலக்காக வைத்தது. 1999இல் ஃபுளோரிடாவின் பிராடென்டனில் 17 வயதுக்கு உட்பட்டோர் தங்கிப் பயிலும் திட்டம் தொடங்கியது. முதல் குழுவிலேயே லாண்டன் டோனோவனும் டமார்கஸ் பீஸ்லியும் இருந்தார்கள்; அதே ஆண்டு நியூசிலாந்தில் நடந்த உலகப் போட்டியில் அணி நான்காம் இடம் பிடித்தது, டோனோவன் சிறந்த வீரர் விருது பெற்றார். மூன்றாண்டு கழித்து, 2002 உலகக் கோப்பையில் போர்ச்சுகலையும் மெக்சிகோவையும் வென்று காலிறுதிக்குப் போன அணியில் இந்த இருவரும் இருந்தார்கள். ஆனால் ஒரே வளாகத்தில் சில டஜன் சிறுவர்களை வைத்துப் பயிற்றுவிப்பதால் இத்தனை பரந்த நாட்டின் அடித்தளம் அகலப்படாது. 2007இல் கூட்டமைப்பு தொடங்கிய டெவலப்மென்ட் அகாடமி நாடெங்கும் கிளப்களை ஒரே தரத்துக்குள் கொண்டுவர முயன்றது. 2020 ஏப்ரலில் கூட்டமைப்பே அதை மூடியது. அந்த இடத்தை மேஜர் லீக் சாக்கர் எம்.எல்.எஸ். நெக்ஸ்ட் என்ற பெயரில் எடுத்துக்கொண்டது. 2008 முதல் நடைமுறைக்கு வந்த சொந்த மண் வீரர் விதிதான் இவற்றில் ஆழமான மாற்றத்தைத் தந்தது என்பேன். தன் அகாடமியில் வளர்ந்தவனை லீக்கின் வீரர் தேர்வு முறையில் (டிராஃப்ட்) இழக்காமல் கிளப்பே ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்றானதும், பயிற்சிக்குச் செலவிடுவதில் ஒரு பொருள் பிறந்தது. கட்டணமில்லா அகாடமிகள் பெருகின. ஆடம்ஸ் லைப்சிக்குக்கும், பிரெண்டன் ஆரன்சன் சால்ஸ்பர்க்குக்கும், ரிக்கார்டோ பெப்பி ஆக்ஸ்பர்க்குக்கும் போனபோது அவர்களை விற்ற கிளப்களுக்குப் பணம் வந்தது; அந்தப் பணம் அடுத்த அணிவரிசைக்கு வழிவிட்டது.

ஆனால் அமெரிக்காவில் எம்.எல்.எஸ். கிளப்கள் 27தான். பெருநகரங்களுக்கு வெளியே இருப்பவனுக்கு இன்னமும் கட்டணம் கட்டி ஆடும் கிளப்தான் கதி. ஆண்டுக்குப் பல ஆயிரம் டாலர், சீருடை, வெளியூர்ப் போட்டி, ஓட்டல், பெட்ரோல். இதன் விலை என்ன என்பதைக் கிளின்ட் டெம்ப்சியின் இளமை காட்டுகிறது. கிழக்கு டெக்சஸின் நாகடோசஸில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். மெக்சிகோவிலிருந்து வந்தவர்களோடு சேர்ந்து ஆடிப் பந்தைப் பழகியவர். டாலஸ் டெக்சன்ஸ் கிளப் அவரை எடுத்துக்கொண்டது. ஒரு வழிக்கு மூன்று மணி நேரப் பயணம். டென்னிஸ் ஆடிய அக்காவின் செலவையும் இவருடைய செலவையும் குடும்பத்தால் ஒருசேரத் தாங்க முடியாமல் ஒரு கட்டத்தில் கிளப்பை விட்டு நின்றார். அக்கா திடீரென இறந்த பிறகே திரும்ப வந்தார். அணியிலிருந்த மற்றப் பெற்றோர்கள் பயணத்துக்கும் செலவுக்கும் கைகொடுத்தார்கள். பின்னாளில் தேசிய அணிக்காக 57 கோல் அடித்து டோனோவனோடு சாதனையைப் பகிர்ந்துகொண்டவர் இவர். ஒரு மரணமும் பிறர் இரக்கமும் குறுக்கிட்டிருக்காவிட்டால் அந்த 57 கோல்களும் இல்லை. ஒரு நாட்டின் வளர்ப்பு முறை இப்படிப்பட்ட தற்செயல்களை நம்பி நிற்பது எனக்கு வருத்தம் தருகிறது.

உலகின் பிற பகுதிகளில் டாலஸ் டெக்சன்ஸ் போன்ற கிளப்பின் வருமானம் வேறு வழியில் வரும். 2001இல் வந்த ஃபிஃபா விதிகளின்படி, ஒரு வீரர் ஒப்பந்தக் காலத்தில் நாடு விட்டு நாடு விற்கப்பட்டால் டிரான்ஸ்ஃபர் தொகையில் 5 சதவீதம், அவர் 12 வயது முதல் 23 வயது வரை பயின்ற கிளப்களுக்குப் பிரித்துத் தரப்பட வேண்டும். 12 முதல் 15 வரை ஆண்டுக்கு 0.25 சதவீதம், அதன் பின் ஆண்டுக்கு 0.5 சதவீதம். 2019 ஜனவரியில் செல்சி பூலிசிக்குக்காக 6.4 கோடி யூரோ தர ஒப்புக்கொண்டது. விதியை அப்படியே பொருத்தினால், 13 வயதில் அவரைப் பயிற்றுவித்த ஓராண்டுக்கு மட்டும் 1,60,000 யூரோ. ஒரு சிறிய ஊர்க் கிளப்பில் எத்தனை சிறுவர்களின் ஓராண்டுக் கட்டணம் இது என்று எண்ணிப் பார்த்தால், இந்த விதியின் வலிமை புரியும். கையில் அப்படியொரு வாய்ப்பு இருக்கும் கிளப், கட்டணம் கட்ட முடியாத திறமைசாலியைத் தேடிப் போகும். அந்த வாய்ப்பே இல்லாத கிளப், கட்டணம் கட்டக்கூடிய சராசரிச் சிறுவனைத் தக்கவைத்துக்கொள்ளும். வெற்றிக் கோப்பைகளைக் காட்டி அடுத்த ஆண்டுக்கான பெற்றோரை ஈர்க்க வேண்டியிருப்பதால், இன்று வளர்ந்து பருத்து நிற்கும் 12 வயதுக்காரன் ஆடுவான், மெல்ல வளரும் நுட்பக்காரன் வெளியே உட்காருவான்.

அமெரிக்கக் கூட்டமைப்பு இந்த விதியை நெடுங்காலம் நடைமுறைப்படுத்தவில்லை. ஏகபோகத் தடைச் சட்டத்தையும், எம்.எல்.எஸ். வீரர்கள் தொடுத்த ஃப்ரேசர் வழக்கையொட்டி எழுந்த கட்டுப்பாட்டையும் காரணமாகக் காட்டியது. 2014இல் டிஆண்ட்ரே யெட்லினை டாட்டன்ஹாம் வாங்கியபோது, அவரைச் சிறுவயதில் பயிற்றுவித்த சியாட்டில் பகுதியின் கிராஸ்ஃபயர் பிரீமியர் பங்கு கேட்டது. டெம்ப்சிக்காக டாலஸ் டெக்சன்ஸும் மைக்கேல் பிராட்லிக்காகச் சிகாகோ சாக்கர்ஸும் உரிமை கோரின. 2019 ஏப்ரலில் எம்.எல்.எஸ். தன் நிலையை மாற்றிக்கொண்டு, இனித் தன் அகாடமிகளுக்காக இத்தொகைகளைக் கோருவதாக அறிவித்தது. பெரியவர்களுக்கு வழி திறந்தது. சிறிய கிளப்களின் நிலை அதே வேகத்தில் மாறவில்லை.

எம்.எல்.எஸ். வீரர்கள் சங்கம் எழுப்பும் எதிர்வாதம் எளிதில் ஒதுக்கக்கூடியதன்று. 5 சதவீதப் பங்கோடு சேர்த்துப் பேசப்படும் பயிற்சி ஈட்டுத்தொகை என்பது முதல் தொழில்முறை ஒப்பந்தத்தின்போதே புதிய கிளப் செலுத்த வேண்டிய தொகை. அது 18 வயது இளைஞனின் தலைமேல் விலைச்சீட்டு ஒட்டுகிறது; சிறிய ஐரோப்பியக் கிளப்கள் அவனை வேண்டாமென்று விடக்கூடும். அவனுடைய பெற்றோர் பத்தாண்டு கட்டணம் கட்டியிருந்தால், அதே பயிற்சிக்கு கிளப் இரண்டாம் முறை காசு வாங்குவதாகவும் ஆகும். இந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது பயிற்சி ஈட்டுத்தொகையைத் தாக்கும் அளவுக்கு 5 சதவீதப் பங்கைத் தாக்கவில்லை. விற்பனை நடந்த பிறகு, ஒப்புக்கொண்ட தொகைக்குள்ளிருந்து பிரிவது அது. இளைஞனின் முதல் வாசலை அடைப்பதில்லை. ஆகவே இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டு விவாதிப்பதை நிறுத்தி, 5 சதவீதப் பங்கைத் தனியே எடுத்துக்கொண்டு, கட்டணம் வாங்காமல் பயிற்றுவித்த ஆண்டுகளுக்கு மட்டும் அதைக் கோரலாம் என்று கூட்டமைப்பு உள்நாட்டு விதி வகுக்கலாம். அப்போது கிளப்புக்கு இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும்: பெற்றோரின் கட்டணம், அல்லது எதிர்காலப் பங்கு. திறமையை அடையாளம் காணத் தெரிந்த கிளப் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கும்.

ஆனால் இந்த விதி வந்தாலும் பயன் போய்ச் சேராத இடமொன்று இருக்கிறது. மெக்சிகோவிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்த ரிக்கார்டோ பெப்பி, எல் பாசோவை அடுத்த சான் எலிசாரியோவில் வளர்ந்தவர். அங்கிருந்து டாலஸ் ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர். எஃப்.சி. டாலஸ் அந்த எல்லை நகரம்வரை கை நீட்டியிருந்ததால்தான் 13 வயதில் அவர் அகாடமிக்கு வந்தார். 2021இல் மெக்சிகோவை விட்டு அமெரிக்காவைத் தேர்ந்தெடுத்தார். கலிஃபோர்னியாவின் சான்டா ரோசாவில் பிறந்த ஹோனத்தன் கொன்சாலஸ் மெக்சிகோவின் மான்டெர்ரே கிளப்பில் வளர்ந்து, 2018 தொடக்கத்தில் மெக்சிகோவைத் தேர்ந்தெடுத்தார். இந்த இருவரையும் போன்ற பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடும் லத்தீனோ லீக்குகள் நாடெங்கும் இருக்கின்றன. அவற்றில் பல கூட்டமைப்பில் இணையாதவை.

2022 நவம்பரில் ஃபிஃபா தொடங்கிய கிளியரிங் ஹவுஸ் வீரரின் மின்னணுப் பயிற்சிக் கடவுச்சீட்டைப் பார்த்தே பங்கைப் பிரிக்கிறது. எந்த ஆண்டில் எந்த கிளப்பில் பதிவாகியிருந்தார் என்பதே அதன் அடிப்படை. பதிவே இல்லாத லீக்கில் 12 வயதில் ஆடியவனுக்கு அந்த ஆண்டு வெற்றாக நிற்கும். அவனுக்குப் பந்தைக் கற்றுக்கொடுத்தவருக்கு ஒரு சென்டும் வராது. சிறிய கிளப்பின் பங்கைக் கோர்ட்டில் பெற்றுத் தருவதற்கு முன்பே கூட்டமைப்பு செய்யக்கூடியது, இந்த லீக்குகளின் பதிவுக் கட்டணத்தையும் காப்பீட்டுச் செலவையும் தன் கணக்கில் ஏற்றுக்கொண்டு, ஸ்பானிய மொழியில் படிவம் தந்து, அங்கே ஆடும் ஒவ்வொரு சிறுவனின் பெயரையும் பிறந்த தேதியையும் பயிற்றுவித்தவரின் பெயரையும் பதிவேட்டில் ஏற்றுவது. அதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை. மெக்சிகோவோடும் கனடாவோடும் சேர்ந்து 2026 உலகக் கோப்பையை நடத்தும் பொறுப்பேற்ற கூட்டமைப்புக்கு அது பெரிய செலவும் அல்ல.