மொட்டை மாடியில் ஒரு மின் நிலையம்: தமிழக சோலார் கொள்கையின் கதை

பூந்தமல்லிக்கும் குன்றத்தூருக்கும் இடையில் இருக்கும் மாங்காட்டில் வெயிலுக்குப் பஞ்சமே இல்லை. சுமார் 100 சதுர அடி மொட்டை மாடி இருந்தால் 1 கிலோவாட் சோலார் பேனல் வைக்கலாம். அது நாளொன்றுக்கு சராசரியாக 4 யூனிட் மின்சாரம் தரும். பிறகு ஏன் எல்லா வீடுகளிலும் இது வரவில்லை? அதற்கான விடை வெயிலில் இல்லை, மீட்டரில் இருக்கிறது!

2012: மின்வெட்டில் பிறந்த கொள்கை

தமிழகம் கடும் மின்வெட்டில் தவித்த 2012-ஆம் ஆண்டு அக்டோபரில், முதல்வர் ஜெயலலிதா சூரிய சக்திக் கொள்கையை வெளியிட்டார். 2015-க்குள் 3000 மெகாவாட் என்பது இலக்கு. வீட்டு மாடியில் தயாராகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் முதல் இரண்டு ஆண்டுகள் 2 ரூபாய், அடுத்த இரண்டு ஆண்டுகள் 1 ரூபாய், அதற்கடுத்த இரண்டு ஆண்டுகள் 50 காசு ஊக்கத்தொகை என்று அறிவிக்கப்பட்டது.

அப்போது 1 கிலோவாட் அமைக்க ஏறக்குறைய 1 லட்சம் ரூபாய் ஆனது. மத்திய அரசு 30 சதவீத மானியமும், மாநில அரசு 20,000 ரூபாயும் தருவதாக அறிவித்தன. இதில் ஒரு வேடிக்கை உண்டு. பேட்டரி இல்லாமல் மின்கம்பியோடு இணைத்த சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியருக்கு ஆபத்து வரக்கூடாது என்பதே காரணம். மின்வெட்டுக்குப் பயந்து வாங்கியவர்கள் ஏமாந்துதான் போயிருப்பார்கள்.

மீட்டர் செய்த மாயம்

பேனல் மின்சாரம் தருவது பகலில். குடும்பம் வீட்டில் இருந்து ஏ.சி. போடுவது இரவில். ஆகவே பகலில் மிஞ்சுவதை மின்வாரியம் என்ன கணக்கில் எடுத்துக்கொள்கிறது என்பதே முக்கியம்.

2013 நவம்பரில் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நெட் மீட்டரிங் முறையைக் கொண்டுவந்தது. பகலில் கொடுத்த யூனிட்டை இரவில் எடுத்த யூனிட்டோடு நேருக்கு நேர் கழிப்பார்கள். ஆனால் 2019-இல் புதிய கொள்கை வந்தபோது இது மாறியது. புதிதாக இணைப்பவர்கள் கொடுக்கும் யூனிட்டுக்கு ஒரு குறைந்த விலை, வாங்கும் யூனிட்டுக்கு வழக்கமான கட்டணம். 2021-இல் வந்த விதிமுறைகள் வீடுகளுக்கு மீண்டும் நெட் மீட்டரிங்கைக் கொடுத்தன.

மாங்காட்டில் ஒரே தெருவில் 2014-இல் பேனல் வைத்தவர், 2020-இல் வைத்தவர், 2022-இல் வைத்தவர் என மூவரை வைத்துக்கொள்வோம். சூரியன் ஒன்றே, கணக்கு மட்டும் வேறு!

வாரியத்தின் கவலை

வாரியத்தின் பக்கமும் நியாயம் உண்டு. 2016 மே மாதம் முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். குறைவாகச் செலவழிக்கும் வீட்டுக்கு பில்லே சொற்பம், அவர்களுக்கு சோலார் லாபமில்லை. அதிக யூனிட் செலவழித்து அதிகக் கட்டணம் கட்டுபவர்களுக்கே லாபம். அவர்கள் மாடிக்குப் போய்விட்டால் வாரியத்தின் வருமானம் குறையும், கம்பி, டிரான்ஸ்பார்மர் செலவு மட்டும் அப்படியே இருக்கும்.

2024-க்குப் பின்

2024 பிப்ரவரியில் மத்திய அரசு 1 கோடி வீடுகளை இலக்காக வைத்து பி.எம். சூர்ய கர் திட்டத்தைத் தொடங்கியது. இதில் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000 ரூபாய், ஆக 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். பேனல் விலையும் 2012-ஐ விட வெகுவாக இறங்கிவிட்டது.

ஆக, பணத்தடை குறைந்திருக்கிறது. மிஞ்சியிருப்பது நம்பிக்கை. ஒரு பேனல் சுமார் 25 ஆண்டுகள் உழைக்கும். 2013-க்கும் 2021-க்கும் இடையில் மட்டும் விதி இரண்டு முறை மாறியது. 25 ஆண்டுப் பொருளை வாங்கச் சொல்பவர்கள், விதியையும் அவ்வளவு காலம் நிலையாக வைத்திருக்க வேண்டாமா?