பழவேற்காடும் தானியங்கி ட்ரோன்களும்

தானியங்கி ட்ரோன்: தரையிலிருந்து ஒருவர் கைப்பிடியால் ஓட்டாமல், பதிவான பாதையிலோ தானே கணித்த பாதையிலோ பறக்கும் ஆளில்லா வானூர்தி. அண்ணா பல்கலைக்கழக எம்.ஐ.டி. வளாகத்தின் தக்ஷா குழு 2018இல் ஆஸ்திரேலியாவில் நடந்த மருத்துவ ட்ரோன் போட்டியில் இரண்டாமிடம் பெற்றது. மழைவெள்ளத்தில் துண்டிக்கப்படும் பழவேற்காடு ஏரித் தீவுக் குப்பங்களுக்கு மருந்து அனுப்ப இத்தொழில்நுட்பம் பொருந்தும். முகத்துவாரம் மணலால் தூர்வதையும் கண்காணிக்கலாம்.

சிக்கல் தண்ணீரில்தான் தொடங்குகிறது. கீழ்நோக்கிய கேமரா தரையின் அசையாத அடையாளங்களை ஒப்பிட்டே தன் நகர்வைக் கணிக்கும். அலையும் வெயிலின் பளபளப்பும் அதை ஏமாற்றிவிடும். ஜி.பி.எஸ். விட்டுப்போனால் ஏரியின் நடுவே பிடிமானம் இல்லை. உப்புக்காற்று மோட்டாரை அரிக்கும். தாழப் பறந்தால் பூநாரைகள் கலையும்.

2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள் வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு மண்டலங்களாகப் பிரிக்கின்றன. சிவப்பில் பறக்க ஒன்றிய அரசின் அனுமதி தேவை. ஏரிக்கும் கடலுக்கும் இடையே ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் இருப்பதால் இங்கே இது வெறும் காகித விதியன்று. மீனவர்கள் முறைவைத்துப் பங்கிடும் ‘பாடு’ நீர்ப்பரப்பைப் படமெடுத்தால் அந்தப் படம் யார் கைக்குப் போகும் என்பதற்கும் முன்கூட்டியே விடை வேண்டும்.