உத்தரமேரூர்ச் சாசனமும் உறுப்பினர்மீது முறையீடும்

திருநீர்மலை திருமங்கையாழ்வாராற் பாடப்பெற்ற பழம்பதி. பேரூராட்சியாக விளங்கிய இவ்வூர் 2021 ஆம் ஆண்டிற் புதிதாக அமைந்த தாம்பரம் மாநகராட்சியுள் அடங்கிற்று. சிற்றூராட்சி பெருநகராட்சியுள் ஒடுங்குமிடத்து, தம் உறுப்பினரின் ஒழுகலாற்றிற் குறை காணும் மக்கள் அதனை எங்ஙனம் முறையிட்டுத் தீர்த்துக் கொள்வது என்னும் வினா வலுப்பெறுகின்றது. பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சார்ந்த மற்றோர் ஊரினர் இவ்வினாவை ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே எண்ணிப் பார்த்துள்ளனர். அவ்வூர் உத்தரமேரூர்.

அங்குள்ள வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தகனின் 12, 14 ஆம் ஆட்சியாண்டுகளில், அஃதாவது கி. பி. 919, 921 இல், பொறிக்கப்பெற்ற இரு சாசனங்கள் உள்ளன. வெங்கையா அவர்கள் இவற்றை ஆராய்ந்து வெளியிட்ட நாள்தொட்டு அறிஞர் பலரும் குடவோலை முறையையே வியந்து போற்றினர். முப்பது குடும்பிலும் பெயர் எழுதி ஓலையிட்டு வாரியத்தாரைத் தேர்ந்தமை வியக்கத்தக்கதே. ஆயினும், தேர்ந்தெடுத்த பின்னர் அவரைக் கட்டுப்படுத்திய நெறி அதனினும் சிறந்தது என்பது எம் கருத்து.

வாரியத்தாரின் பதவிக்காலம் 360 நாள். பதவியிலிருப்போன் குற்றவாளியெனக் காணப்படின், காலம் முடியுமளவும் பொறாது அவனை நீக்குதல் வேண்டும் என 921 ஆம் ஆண்டுச் சாசனம் விதிக்கின்றது. முன்பு வாரியஞ் செய்து கணக்குக் காட்டாது சென்றவன் பெயரைக் குடவோலைக்கு எழுதலாகாது. அவனுடைய தந்தை, மகன், உடன்பிறந்தார், மாமன், மருமகன் முதலிய உறவினர்க்கும் அத்தடை உண்டு. கணக்கெழுதுவோனும் தன் கணக்கைக் காட்டித் தூயன் எனத் தெளியப்பட்ட பின்னரே மீண்டும் அப்பணி பெறுவான்.

ஈண்டு நுணுகி நோக்கற்பாலது ஒன்றுண்டு. கணக்குக் காட்டாதவனை விலக்குதற்கு அவன் கவர்ந்தான் என எவரும் மெய்ப்பிக்க வேண்டுவதில்லை, காட்டாமையே குற்றமாயிற்று. தூய்மையை நிறுவும் கடன் பதவியாளனையே சார்ந்தது.

எனினும் இச்சபையை இன்றைய மக்களாட்சியோடு ஒன்றெனக் கோடல் பொருந்தாது. இது பிரமதேய ஊரின் சபை. நிலமும் மனையும் வேதப்பயிற்சியும் உடைய, 35 வயதிற்கு மேல் 70 வயதிற்குட்பட்ட ஆடவரே வாரியத்திற்கு உரியர். உழுகுடிகளும் பெண்டிரும் அதன்கண் இடம்பெற்றிலர்.

இக்குறையை இக்காலச் சட்டம் நீக்கியது. 2014 ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளாட்சி உறுப்பினர், அலுவலர் ஆகியோர்மீது எழும் ஊழற் புகார்களை விசாரிக்க முறைமன்ற நடுவரை ஏற்படுத்த வழிவகுத்தது. நிலமில்லாதாரும் பெண்டிரும் அங்கு முறையிடலாம். ஆனால் குற்றத்தை எடுத்துரைத்துச் சான்று காட்டும் சுமை பெரும்பாலும் முறையிடுவோரையே சாரும். ஊர்க் கணக்கு ஊரார் கையிற் கிட்டாவிடின் சான்றுக்கு அவர் எங்குச் செல்வர்?

முறையிடும் உரிமையை எல்லார்க்கும் அளித்தது இக்காலத்தின் பெருமை. முறையீடு எழுமுன்னரே கணக்கைக் கேட்டது உத்தரமேரூரின் பெருமை. இவ்விரண்டும் ஒருங்கே அமையின் அன்றி ஊராட்சி செம்மையுறாது என்க.