பொம்மை வீடும் வெட்டுப்பட்ட விரல்களும்

தில்லியில் இருக்கும் நம்மவர்களுக்கு எட்வின் லுட்யன்ஸ் என்ற பெயரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ராஷ்டிரபதி பவனைக் கட்டியவர். புது தில்லி வேலைகள் நடந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1921-லிருந்து 1924 வரை, அவர் இங்கிலாந்தில் இன்னொரு மாளிகையையும் கட்டிக்கொண்டிருந்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படாத விஷயம். மேரி ராணிக்கான பொம்மை வீடு அது. பன்னிரண்டில் ஒரு பங்கு அளவு, அதாவது நிஜத்தில் ஒரு அடி என்றால் அங்கே ஒரு அங்குலம். குழாயில் தண்ணீர் வரும், லிஃப்ட் ஓடும், விளக்கு எரியும், நிலவறையில் துளியூண்டு பாட்டில்களில் நிஜ ஒயின். சுமார் 1500 கலைஞர்களும் கைவினைஞர்களும் சேர்ந்து செய்தது. இன்றும் விண்ட்சர் கோட்டையில் பார்க்கலாம்.

படங்களைப் பார்த்தபோது எனக்கு வந்த முதல் கேள்வி கொஞ்சம் விவஸ்தை கெட்ட கேள்விதான். இந்த 1500 பேரில் எத்தனை பேர் விரலை வெட்டிக்கொண்டிருப்பார்கள்?

சிரிக்காதீர்கள். ஒன்றரை அங்குல உயர நாற்காலிக் காலைக் கையில் பிடித்துச் சீவிப் பாருங்கள், தெரியும். நம் வீடுகளில் பொம்மை வீடு வழக்கம் கிடையாதே என்று சொல்வீர்கள். நவராத்திரிக் கொலுவில் பார்க் வைக்கத் தெர்மோகோலை பிளேடால் அறுப்பது யார்? திங்கட்கிழமை கொண்டுபோக வேண்டிய ஸ்கூல் மாடலை ஞாயிறு ராத்திரி பத்து மணிக்கு, பையன் தூங்கிய பிறகு, உட்கார்ந்து ஒட்டுவது யார்? ஆகவே இது நம் கதையும்தான்.

பொம்மை வீடு முதலில் குழந்தைகளுக்கானதே அல்ல. நமக்குத் தெரிந்த மிகப் பழையது, பவேரியாவின் ஆல்பிரெக்ட் பிரபு 1557-58-ல் செய்வித்தது. அது 1674-ல் தீயில் போய்விட்டது. ஆம்ஸ்டர்டாம் ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தில் பெட்ரோனெல்லா ஊர்ட்மன் என்ற பணக்காரப் பெண்மணியின் வீடு இருக்கிறது. 1686-லிருந்து 1710 வரை செய்துகொண்டே இருந்தார்கள். அதற்கு ஆன செலவில் கால்வாய் ஓரமாக ஒரு நிஜ வீடே வாங்கியிருக்கலாம் என்பார்கள். இரண்டிலும் நிலைத்தது யார் பெயர் என்று கவனியுங்கள். செய்யச் சொன்னவர் பெயர். செய்தவர் பெயர் அல்ல.

செய்தவர்களைத் தேடினால் ஜெர்மனியின் எர்ட்ஸ்கெபிர்கே மலைப்பகுதிக்குப் போக வேண்டும். தகரச் சுரங்கம் நொடித்துப்போன பிறகு ஸைஃபென் போன்ற ஊர்களில் குடும்பம் குடும்பமாக மர பொம்மைக்கு மாறினார்கள். சுமார் 1800 வாக்கில் அவர்கள் கண்டுபிடித்த ஒரு வித்தை உண்டு. ஈர மரத்தைக் கடைசல் பட்டறையில் வைத்து ஒரு வளையமாகக் கடைவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் வளையம். கேக் வெட்டுவதுபோல் அதைத் துண்டு போட்டால் ஒவ்வொரு துண்டும் ஒரு குதிரையாக, ஒரு பசுவாக வெளியே வரும்! உள்ளே என்ன உருவம் வருகிறது என்று கண்ணால் பார்க்க முடியாது, கைதான் சொல்ல வேண்டும். துண்டு போட்டு, சீவி, சாயம் பூசுகிற வேலையெல்லாம் வீட்டுக் கூடத்தில், பெண்களும் குழந்தைகளும்.

பிரிட்டனில் ஆலை இயந்திரங்களுக்குத் தடுப்பு வேலி போட வேண்டும் என்று 1844-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் கூடத்தில் உட்கார்ந்து கத்தியால் சீவும் பத்து வயதுப் பெண்ணுக்கு எங்கே வேலி போடுவது? ஜெர்மனியில் வீட்டுக்குள் நடக்கும் குழந்தை உழைப்பைத் தொட்டுச் சட்டம் வர 1903 ஆனது. அமெரிக்காவில் லூயிஸ் ஹைன் என்ற புகைப்படக்காரர், 1912-ஐ ஒட்டி, நியூயார்க் ஒண்டுக்குடித்தனங்களில் குழந்தைகள் பொம்மைக்கு உடுப்புத் தைப்பதைப் படம் எடுத்தார். ஒரு குழந்தை விளையாட இன்னொரு குழந்தை ஊசி பிடித்துக்கொண்டிருக்கும்.

வங்கியில் வேலை செய்கிறவன் என்பதால் எனக்கு இதில் ஒரு ஒப்புமை தோன்றும். 2001 நவம்பரில் ரிசர்வ் வங்கி, நோட்டுக் கட்டுகளில் ஸ்டேப்ளர் பின் அடிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. அதற்கு முன் பின்னைப் பிடுங்கிப் பிடுங்கிக் கட்டைவிரல் நகக்கண் எப்போதும் புண்ணாகவே இருக்கும் என்று சீனியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். உத்தரவின் பெயர் என்ன தெரியுமா? சுத்தமான நோட்டுக் கொள்கை. நோட்டு கிழியக் கூடாது என்பதுதான் நோக்கம். கேஷியர் விரலுக்குக் கிடைத்தது உபரி லாபம் :-)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இருபதாம் நூற்றாண்டில் ஒரு மாற்றம். பொம்மை வீடு வாங்குகிற சாமானாக இருந்தது போய், தானே செய்கிற பொழுதுபோக்காக ஆனது. அமெரிக்காவில் 1970-களின் தொடக்கத்தில் இதற்கென்றே ‘நட்ஷெல் நியூஸ்’ என்று பத்திரிகை வந்தது. 1972-ல் தேசிய அளவில் சங்கமே தொடங்கினார்கள். பன்னிரண்டில் ஒரு பங்கு என்ற அளவுதான் இந்தப் பொழுதுபோக்கின் பொது மொழி. டாக்டர், வக்கீல், டீச்சர் என்று மர வேலையே தெரியாதவர்கள் சாப்பாட்டு மேஜையில் பழைய பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். காயமும் பட்டறையை விட்டு மேஜைக்கு வந்து சேர்ந்தது.

அந்த மேஜைக்குக் கத்தி வந்த கதை சுவாரஸ்யமானது. போலந்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய சண்டெல் டோனிகர் என்பவர் 1917-ல் மருத்துவச் சாமான் கம்பெனி ஆரம்பித்தார். 1930-களில் அறுவை சிகிச்சைக்கென்று பிளேடு மாற்றக்கூடிய ஒரு கத்தியை உருவாக்கினார். சரியாகச் சுத்தம் செய்ய முடியாது என்று டாக்டர்கள் ஒதுக்கிவிட்டார்கள். கைவேலைக்கு நன்றாக இருக்குமே என்று யோசனை சொன்னவர் அவர் மைத்துனர் டேனியல் க்ளிக். (2020-ல் இலக்கியத்துக்கு நோபல் வாங்கிய கவிஞர் லூயிஸ் க்ளிக் இவருடைய மகள்தான்.) இப்படித்தான் எக்ஸ்-ஆக்டோ கத்தி பிறந்தது. ஆபரேஷன் தியேட்டரில் வேலை கிடைக்காத கத்தி சாப்பாட்டு மேஜைக்கு வந்தது. தோலை வெட்டவென்றே யோசித்த கூர்மை அது. அட்டைக்கும் பால்சா மரத்துக்கும் தேவையானதைவிட எவ்வளவோ அதிகம்.

இதில் விரல் போவது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். வலது கைக்காரர் என்றால் காயம் இடது கையில். ஸ்கேலை அழுத்திப் பிடித்திருக்கும் இடது ஆள்காட்டி விரல் விளிம்பைத் தாண்டி ஒரு நூல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், கத்தி ஸ்கேல் மேல் ஏறி அதைச் சீவிவிடும். இன்னொன்று, கத்தியின் பிடி பென்சில் மாதிரி உருண்டை. உருண்டு மேஜையிலிருந்து விழும். விழுவதைப் பிடிக்கக் கை தானாகப் போகும், அல்லது தொடையைச் சேர்த்து இடுக்குவோம். இரண்டுமே கூடாது. காலை விலக்கிக்கொண்டு விழ விட வேண்டும்.

கூர்மையான பிளேடு ஆபத்து என்று பழையதையே வைத்து ஓட்டுவார்கள் நம் ஆட்கள். நிஜம் தலைகீழ். மழுங்கிய பிளேடுக்கு அழுத்தம் அதிகம் தேவை. அந்த அழுத்தத்தோடு வழுக்கினால் காயமும் ஆழம். இதைத் தீர்க்க வழி கண்டவர் ஜப்பானில் ஒசாகா அச்சகத் தொழிலாளி ஒகடா யோஷியோ. பேப்பர் வெட்டி வெட்டி பிளேடு முனை மழுங்குகிறது, மீதி பிளேடு வீணாகிறது. செருப்புத் தைப்பவர்கள் கண்ணாடியை உடைத்து உடைத்துப் புதுமுனையால் தோலைச் சீவுவார்கள். போருக்குப் பின் அமெரிக்கச் சிப்பாய்கள் கொடுத்த சாக்லேட்டில் உடைப்பதற்குக் கோடு இருக்கும். இரண்டையும் சேர்த்து யோசித்து, 1956-ல் கோடு போட்ட பிளேடு. மழுங்கினால் முனையை உடைத்துவிட்டு அடுத்ததைத் தள்ள வேண்டியதுதான். ஓல்ஃபா என்ற பெயரே ஜப்பானிய மொழியில் ‘உடைக்கும் பிளேடு’ என்பதிலிருந்து வந்ததுதான். இன்று நம் ஸ்டேஷனரிக் கடையில் ‘கட்டர்’ என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பது இதன் வாரிசு. கூலிக்கு வெட்டியவர் யோசித்துச் செய்த கருவி. இந்தச் சரித்திரத்தில் அப்படிப்பட்ட ஒருவரின் பெயர் நிலைத்த அபூர்வமான இடம், அதனால் எனக்கு அவர்மேல் தனி மரியாதை.

பசை எதிர்த் திசையில் போனது. 1942-ல் ஈஸ்ட்மன் கோடாக்கில் ஹாரி கூவர் குழுவினர் துப்பாக்கிக் குறிபார்க்கும் பாகத்துக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடினார்கள். கிடைத்தது தொட்டதிலெல்லாம் ஒட்டிக்கொள்ளும் ஒரு சனியன். தூக்கிப் போட்டார்கள். 1951-ல் திரும்பவும் அதே பொருள், ஒரு விலை உயர்ந்த கருவியின் இரண்டு கண்ணாடிகளை ஒட்டவைத்துவிட்டது. அப்போதுதான் இது பசை என்று உறைத்தது. 1958-ல் விற்பனைக்கு வந்தது. வியட்நாம் போரில் இதை ஸ்ப்ரேயாக அடித்து ரத்தத்தை நிறுத்தினார்கள். 1998-ல் இதே குடும்பத்தின் வேறொரு வகையை, காயத்தை மூடுவதற்கென்று அமெரிக்க அரசு அங்கீகரித்தது. ஆக ஆஸ்பத்திரிக்குச் செய்த கத்தி மேஜைக்கு வந்தது, மேஜைப் பசை ஆஸ்பத்திரிக்குப் போனது.

அதற்காக வெட்டுக்காயத்தில் கடைப் பசையை ஊற்றாதீர்கள். அது வேறு, இது வேறு. விரல்கள் ஒட்டிக்கொண்டால் பிய்க்க வேண்டாம். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெல்ல உருட்டிப் பிரிக்கலாம். பஞ்சு, பருத்தித் துணி இவற்றில் இந்தப் பசை நிறையக் கொட்டினால் கொதித்துப் புகையும், தோல் வெந்துவிடும். வேட்டி கட்டிக்கொண்டு உட்காருபவர்கள் கவனிக்க. கண்ணில் பட்டால் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே டாக்டரிடம் ஓட வேண்டும், இமையைப் பிரிக்க முயலக் கூடாது. சொட்டு மருந்து என்று நினைத்துப் பசையைக் கண்ணில் விட்டுக்கொண்டவர்களைப் பற்றி 1980-களிலிருந்தே கண் மருத்துவ இதழ்கள் எழுதி வருகின்றன. பாட்டில்கள் இரண்டும் ஒரே சைஸ் அல்லவா? கண் மருந்து இருக்கும் டிராயரில் பசை இருக்கக் கூடாது. அவ்வளவே.

அடுத்தது ரம்பம். அமெரிக்காவில் மேஜை ரம்பத்தால் மட்டும் ஆண்டுக்கு 30,000 பேருக்கு மேல் காயம், அதில் சுமார் 4,000 பேருக்கு விரல் துண்டாவது என்று அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் கணக்குச் சொல்லி வந்திருக்கிறது. பொம்மை வீடு கட்டும்போது போனது எத்தனை என்று இந்தப் பேரேட்டில் தேடாதீர்கள். கையை வெட்டியது எது என்பதுதான் தலைப்பு, என்ன செய்துகொண்டிருந்தார் என்பது அல்ல. ஸ்டீஃபன் காஸ், பௌதிகம் படித்த வக்கீல், ஓய்வில் மர வேலை செய்கிறவர். தோலில் மின்சாரம் பாயும், காய்ந்த மரத்தில் அவ்வளவாகப் பாயாது. இதை வைத்து 1999-ல் ஒரு வழி கண்டார். விரல் பட்ட மறுகணம், ஐந்து மில்லி செகண்டுக்குள், ஒரு அலுமினியக் கட்டை பாய்ந்து ரம்பத்தைப் பிடித்து நிறுத்தும். விரலில் சின்னக் கீறலோடு போகும். பெரிய ரம்பக் கம்பெனிகள் எடுத்துக்கொள்ளாததால் அவரே கம்பெனி ஆரம்பித்தார். அறுவை மில்லில் தலைமுறை தலைமுறையாக விரல் போனபோது ‘தொழிலில் சகஜம்’ என்றார்கள். பொழுதுபோக்குக்கு ரம்பம் வாங்கிய ஒரு வக்கீல்தான் ‘ஏன் சகஜம்?’ என்று கேட்டார் என்பது என் அபிப்பிராயம்.

ரத்தம் வராத காயமும் உண்டு. இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரில் நாற்காலி மேஜை செய்யும் தொழிலாளர்களுக்கு மூக்கில் அபூர்வமான ஒரு புற்றுநோய் அதிகம் வருவதை 1960-களில் டாக்டர்கள் கண்டார்கள். காரணம் மரத்தூள். 1995-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் மரத்தூளைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பட்டியலில் சேர்த்தது. வருஷத்துக்கு ஒரு மாடல் செய்பவர் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் எம்.டி.எஃப். பலகையை மூடிய அறையில், ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு தேய்ப்பது கூடாது. பால்கனிக்குப் போங்கள், மாஸ்க் போடுங்கள்.

பழைய பொம்மை வீட்டைப் புதுப்பிப்பவர்களுக்கு எதிரி ஈயம். பிரிஸ்பேன் நகரக் கண் மருத்துவர் லாக்ஹார்ட் கிப்சன், வராந்தா கிராதியில் பூசிய ஈயப் பெயின்ட்தான் குழந்தைகளை முடக்குகிறது என்று 1904-லேயே எழுதினார். அமெரிக்கா வீட்டுப் பெயின்ட்டில் அதைத் தடைசெய்தது 1978-ல். நம் நாட்டில் 2016-ல் விதி வந்து 2017 நவம்பரில் அமலானது. பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது. அதற்கு முந்தைய பெயின்ட் என்றால் உப்புத்தாளால் உலர்வாகத் தேய்க்க வேண்டாம், ஈரத் துணியால் துடைத்து மேலேயே புதுப் பெயின்ட் அடித்துவிடுங்கள். தேய்த்த தூள் மேஜையில் நிற்காது. தரைக்கு வரும், தரையில் தவழ்கிற குழந்தையின் கைக்கு வரும்.

கை வெட்டிவிட்டால்? சுத்தமான துணியால் பத்து நிமிஷம் விடாமல் அழுத்தி, கையை உயர்த்திப் பிடிக்க வேண்டும். நடுவில் ‘நின்றுவிட்டதா’ என்று திறந்து பார்க்கக் கூடாது. விரல் மடங்கவில்லை, அல்லது நுனி மரத்துப்போயிருக்கிறது என்றால் காயம் சின்னதாகத் தெரிந்தாலும் நரம்போ தசைநாரோ அறுந்திருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி. டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்றும் பாருங்கள்.

கடைசியாக, உடைத்துப் போடுகிற அந்த பிளேடு முனைகள். குப்பைக் கவரில் அப்படியே போட்டால், காலையில் வெறுங்கையால் அதைப் பிரிக்கிறவர் கையில்தான் அது ஏறும். காலியான மருந்து டப்பா ஒன்றில் சேர்த்து வையுங்கள். நிறைந்ததும் டேப் சுற்றி, மேலே பெரிதாக ‘பிளேடு’ என்று எழுதி, தனியாகக் கையில் கொடுங்கள். அவருக்குப் புரிகிற எழுத்தில் எழுதுங்கள். தில்லி என்றால் இந்தியில், புனே என்றால் மராத்தியில்.