வெள்ளையும் காவியும்

வேலணைத் தீவின் சரவணையில் வீடு திருத்துவோர் இன்று நிற அட்டையை விரித்து நூறு நிறங்களுக்கிடையே தடுமாறலாம். தீவகத்து முன்னோருக்குப் பெரும்பாலும் இருந்தவை இரண்டே: வெள்ளை, காவி.

வெள்ளை, கடலின் கொடை. முருகைக்கல் எனப்படும் பவளக்கல்லைச் சூளையில் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு, சுவரில் காற்றின் கரியமிலவாயுவை ஏற்று மீண்டும் கல்லாகிறது; வெயிலைத் திருப்புகிறது; சுவரின் ஈரத்தை வெளியேற விடுகிறது. காவி, மண்ணின் கொடை. இரும்பு கலந்த அச்செந்நிறம் வெயிலில் எளிதில் வெளிறாது. வெள்ளையோடு மாறிமாறிப் பட்டையாக மதிலில் நின்று, 'இது கோயில்' என்று தொலைவிலேயே அறிவித்தது.

1990இல் போர் தீவக மக்களைப் பெயர்த்தது. வெள்ளையடிக்க ஆளின்றிச் சுவர்கள் கறுத்தன. 2009இல் போர் முடிந்தபின் திருத்தப்பட்ட வீடுகளுக்குப் பேணிகளில் அடைத்த பிளாஸ்டிக் பூச்சுகள் வந்தன. அவை பழைய சுண்ணாம்புச் சுவரின் ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். பின்னர் கொப்பளித்து உரியும்.

பழைய வெள்ளைக்கும் ஒரு விலை இருந்தது: பவளப்பாறைகளின் அழிவு. 1988ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் கரையோர முருகைக்கல் அகழ்வைத் தடைசெய்தது சரியே.

புலம்பெயர்ந்த உறவுகளே, நிறத்தைத் தேர்ந்து பணம் அனுப்புமுன் சுவர் எதனால் ஆனது என்று கேளுங்கள். சுண்ணாம்புச் சுவராயின் சுண்ணாம்பே பூசுங்கள். நிலத்துச் சுண்ணக்கல்லில் நீற்றியது போதும், கடலைத் தொடவேண்டாம்.