விரலடையாளமும் குற்ற ஆராய்வும்

குற்றம் நிகழ்ந்தபோது கண்டார் ஒருவருமில்லையெனின், அதனைச் செய்தவனை அறிவது எங்ஙனம்? முன்னாளிலே ஒற்றர் சொல்லும், ஊராரின் ஐயமும், வருத்திப் பெற்ற வாக்குமூலமுமே பெரும்பாலும் இதற்கு விடையாய் இருந்தன. இவற்றாற் குற்றமற்றோரும் தண்டனையடைந்தனர். உயிரற்ற பொருள்களைக்கொண்டு உண்மை தெளியும் முறை பொலிசாரிடையே வேரூன்றியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயாம். அம்முறைகளுட் சிறந்ததாகிய விரலடையாள முறை செம்மையுற்ற இடங்களுள் வங்காளம் தலையாயது.

வங்காளத்தில் ஆட்சி அதிகாரியாயிருந்த வில்லியம் ஹேர்ஷல் 1858ஆம் ஆண்டில் ஒப்பந்தக்காரர் ஒருவரின் கைப்பதிவைப் பத்திரமொன்றிற் பெற்றார். 1877இல் ஹூக்ளியில் ஓய்வூதியக்காரரிடத்தும் பத்திரப் பதிவிலும் விரற்பதிவைக் கையாண்டார். குற்றவாளிகளைக் கண்டறிய இஃது உதவுமென, யப்பானில் வாழ்ந்த ஸ்கொத்லாந்து வைத்தியர் ஹென்றி ஃபோல்ட்ஸ் 1880இல் எழுதினார். ரேகைகள் வாழ்நாள் முழுதும் மாறா என்பதைப் பிரான்சிஸ் கால்ற்றன் 1892இல் வெளியிட்ட நூலில் நிறுவினார்.

ஆயினும் ஓரிடர் எஞ்சியது. பல்லாயிரம் பதிவுகளுள் வேண்டியதொன்றை விரைவில் எடுப்பது எவ்வாறு? இதற்கு வழி கண்டோர் வங்காளப் பொலிஸ் தலைவர் எட்வர்ட் ஹென்றியும், அவர்கீழ்ப் பணியாற்றிய அசீசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் ஆகிய இருவருமாவர். பத்து விரல்களையும் ஐந்து இணைகளாக்கி, சுழிரேகை உள்ள விரலுக்கு எண்மதிப்பு வழங்கி, பதிவுகளை 1024 பகுதிகளாக வகுத்தனர். 1897இல் கல்கத்தாவில் விரலடையாளப் பணிமனை எழுந்தது. 1901இல் இலண்டன் ஸ்கொட்லண்ட் யார்டும் இம்முறையை ஏற்றது. முறைக்கு ஹென்றியின் பெயரே நிலைத்தது. உழைத்த இந்தியர் இருவர் பெயரும் நெடுங்காலம் மறைந்து கிடந்தன.

இம்முறையின் ஆற்றலையும் எல்லையையும் ஒருங்கே காட்டுவது ஜல்பைகுரி வழக்கு. தேயிலைத் தோட்ட அதிகாரியொருவர் கொலையுண்டார். அவர் பொருள்களும் களவு போயின. அவருடைய பெட்டியிலிருந்த பஞ்சாங்கத்தின்மீது இரத்தக்கறை படிந்த விரற்பதிவொன்று காணப்பட்டது. முன்னர்த் தண்டனை பெற்ற ஒருவனுடைய பெருவிரற் பதிவோடு அது பொருந்தியது. 1898இல் நடந்த விசாரணையிற் களவு மெய்ப்பிக்கப்பட்டது. கொலையைக் கண்டார் இன்மையால், அக்குற்றத்திலிருந்து அவன் விடுவிக்கப்பட்டான். பதிவு பொருளைத் தொட்டமையைக் காட்டும்; உயிரைப் பறித்தமையைத் தானே காட்டாது என்பதே நீதிமன்றம் கண்ட வேறுபாடு.

இவ்வெச்சரிக்கை பழையதாயினும் தேவையற்றதாகிவிடவில்லை. 2004இல் மட்ரிட் நகரப் புகைவண்டிக் குண்டுவெடிப்பை ஆராய்ந்தபோது, அமெரிக்க நிபுணர் பலர் ஒரு பதிவைத் தம் நாட்டு வழக்கறிஞர் ஒருவருடையதெனத் துணிந்தனர். அவர் சிறைப்படுத்தப்பட்டார். அப்பதிவு வேறொருவருடையதென ஸ்பானியப் பொலிசார் கண்டபின்னரே விடுதலை பெற்றார். ரேகை பொய்க்கவில்லை, அதனைப் படித்த கண்களே பிழைத்தன.

கருவி எத்துணை நுண்ணியதாயினும், அதனைக்கொண்டு முடிவுசெய்வோன் மனிதனே. ஐயத்தை ஐயமென்றே கொண்டு இறுதிவரை ஆராயும் பொறுமையே குற்றவாளியைப் பிடிக்கும், குற்றமற்றவனையும் காக்கும்.